ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது யார்?

பராமரிப்பு இல்லம் தேடும் சமயநல்லூர்க் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

பக்கவாதம் வந்தவரை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார், டிஸ்சார்ஜும் எழுதியாயிற்று. குடும்பத்தின் கையில் இருப்பது ஒரு மாத்திரைச் சீட்டு, மறுபடி வரவேண்டிய தேதி, "பிசியோ விடாமக் குடுங்க" என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை. வலது கையும் காலும் வரவில்லை. மூக்கில் குழாய், கட்டிலோரம் யூரின் பேக். வீடு சமயநல்லூரில். மகன் விடிகாலையில் பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் போனால் மதியம் தாண்டித்தான் திரும்புவார். மருமகளும் வேலைக்குப் போகிறவர். மகள் திருப்பூரில். அம்மாவுக்கே முட்டி வலி. எழுபது கிலோ ஆளை அவர் எப்படித் தூக்கி உட்கார வைப்பார்? கழிவறையோ பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும்.

இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலேயே இருக்கலாம், உங்கள் வீடாகவும் இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. ஐந்தரைப் பேருக்கு ஒருவர். இவர்களில் எல்லோரும் படுக்கையில் விழப்போவதில்லை. ஆனால் விழுகிறவர்களைத் தூக்க வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பது இப்போதே தெரிகிறது.

அப்படியானால் எங்காவது சேர்க்க வேண்டும். பேச்சு அங்கே வந்ததும் ஊரின் வாய் திறக்கிறது. "பெத்த அப்பனக் கொண்டுபோய் இல்லத்துல விட்டுட்டானாம்." நம் ஊர் பிள்ளையைத்தான் எடை போடுகிறது. அந்த இல்லம் எப்படிப்பட்டது, அங்கே எத்தனை ஆயா இருக்கிறார்கள், டாக்டர் எப்போது வருகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்த பிள்ளை என்ன செய்கிறார்? அவசரமாக, ரகசியமாக ஒரு இடத்தைப் பார்க்கிறார். மொசைக் தரை பளிச்சென்றிருக்கிறது, வாசலில் பிள்ளையார் இருக்கிறார், நடத்துகிறவர் நன்றாகப் பேசுகிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். பிறகு குற்ற உணர்ச்சியால் அடிக்கடி போய்ப் பார்க்கவும் கூசுகிறார். ஒரு மோசமான இல்லத்துக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைப்பாரா? வெட்கப்படுகிறவர் கேள்வி கேட்கமாட்டார்.

எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நோயாளியை இல்லத்தில் சேர்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விசாரிக்காமல் சேர்ப்பதுதான் தவறு.

எதை விசாரிப்பது? ஏ.சி. அறையை, வைஃபையை, வீட்டுச் சாப்பாட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நர்சிங் படித்த எவரும் முதல் வருடத்தில் கற்றுக்கொள்வது இது. நல்ல மெத்தையும் நோயாளியின் நிலையும் பொறுத்து இந்த இடைவெளி கொஞ்சம் மாறலாம், ஆனால் புரட்டாமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு 12 தடவை. இருபது படுக்கை நோயாளிகள் இருக்கும் இல்லத்தில் 240 தடவை. முறையாகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். தலையணை வைத்து, துணியின் சுருக்கத்தை எடுத்து, தோலைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் எண்பது தடவை, 400 நிமிடம். ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் உட்காராமல், டீ குடிக்காமல், வேறு எந்த வேலையும் பார்க்காமல் செய்தால் புரட்டுவது மட்டும் முடியும். டயப்பர் மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது, பயந்து கத்துகிறவரின் பக்கத்தில் போய் உட்காருவது எல்லாம் இதில் சேரவில்லை.

இப்போது அந்த இல்லத்தில் போய்க் கேளுங்கள்: "ராத்திரி டூட்டியில எத்தனை பேரு?" "ஒரு சிஸ்டர், ஒரு ஆயா இருப்பாங்க சார்" என்று பதில் வந்தால், இருபது பேரையும் இரவில் முறையாகப் புரட்டுவதில்லை என்று பொருள். யாரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. கணக்கே சொல்லிவிடுகிறது.

இதன் விளைவை உடம்பிலேயே பார்க்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது போர்வையை விலக்குங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதி, காது மடல், பின்னந்தலை. எலும்பு துருத்தும் இடங்களில்தான் படுக்கைப்புண் ஆரம்பிக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் அதுதான் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் அந்த இடத்தில் பாரம் விழாமல் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். "வயசாச்சுல்ல, அப்படித்தான் வரும்" என்று சொல்கிற இல்லத்தை நம்பாதீர்கள்.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். தலைப்பக்கம் உயர்த்தி, சாய்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருப்பவருக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அடுத்த வாரம் நிமோனியா என்று போன் வரும். யூரின் பேக் கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் நோயாளியின் வரக்கூடிய கைப் பக்கம் இருக்கிறதா? வலது கை வராதவருக்கு வலப்பக்கம் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. தாகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். எழுப்பி உட்கார வைக்கும்போது வராத கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். தசை வலுவிழந்த தோள் அந்த இழுப்பில் மூட்டிலிருந்து நழுவும். பக்கவாதத்தைவிடத் தோள்வலிதான் கொடுமை என்று பல நோயாளிகள் அழுவது இதனால்தான்.

கைகளைப் பாருங்கள், முக்கியமாக மணிக்கட்டை. குழாயைப் பிடுங்குகிறார் என்று பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆள் பற்றாத இடத்தில் துணி ஆளாகிறது, இல்லையென்றால் தூக்க மாத்திரை ஆளாகிறது. கட்டிவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். தீப்பிடித்தால் இந்த மாடியிலிருந்து இருபது படுக்கைக்காரர்களை எப்படி இறக்குவீர்கள் என்று நீங்கள் பார்க்கப்போகும் இல்லத்தில் கேட்பது அபசகுனம் ஆகாது. ஏர்வாடியில் யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

மறுவாழ்வு மையம் என்று பலகை வைத்திருந்தால் இன்னொரு அளவுகோலும் வேண்டும். பராமரிப்பு என்றால் இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்வது. மறுவாழ்வு என்றால் இழந்ததில் எவ்வளவு மீட்டுத் தருகிறார்கள் என்பது. இரண்டையும் ஒரே பலகையில் எழுதி, இரண்டாவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கி, முதலாவதைக்கூட அரைகுறையாகச் செய்யும் இடங்கள் அதிகம். "டெய்லி பிசியோ" என்பார்கள். ஒருவர் வந்து படுக்கையிலேயே காலையும் கையையும் நாலு முறை மடக்கி நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; அந்த நாட்கள் இப்படியே கரைந்துபோகும். பிரிட்டனில் 2023இல் திருத்தப்பட்ட அரசு வழிகாட்டு நெறி, தாங்கக்கூடிய நோயாளிக்கு நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாளாவது பயிற்சி தரவேண்டும் என்கிறது. பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி எல்லாம் இந்த மூன்று மணி நேரத்தில் அடங்கும். நம் ஊரில் அவ்வளவு கிடைக்காது என்று தெரியும். ஆனால் இருபது நிமிடத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

இதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. பார்த்தெல் அளவீடு என்பார்கள். 1965 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என்று பத்து அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண் போட்டு நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும். எந்த பிசியோதெரபிஸ்டுக்கும் இது தெரியும், போட்டு முடிக்கச் சில நிமிடமே ஆகும். சேர்க்கும் நாளில் எங்கள் அப்பாவுக்கு எத்தனை மதிப்பெண், மாதக் கடைசியில் எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கே யாரும் மீட்கும் வேலையில் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

உண்மையான மறுவாழ்வு எப்படி இருக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அந்தத் துறையையே வேலூரில் உருவாக்கினார். 1966இல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கி, தூக்குவது, புரட்டுவது, புண் பார்ப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார். திரும்பிப் போனவர்களை மறுபடி வரவழைத்து மேளா நடத்தி, எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

இன்னும் கிட்டத்தில், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன்னைத் தேற்றிய ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981இல் சொந்த ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இன்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வேலூரிலும் ஆய்க்குடியிலும் கட்டிலில் கிடந்தவர்களே கட்டிலைச் சுற்றி என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தரம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருப்பது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

அரசு என்ன செய்கிறது? சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையின் பார்வையில் வருகின்றன. மருத்துவ நிறுவனம் என்றால் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு, மனநோயாளிகளை வைத்திருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. ஒரே கட்டடத்தில் முதியவர், பக்கவாத நோயாளி, மறதி நோயாளி மூவரும் இருந்தால் அது யாருடைய பொறுப்பு? நான்கு அலுவலகங்களுக்கும் வாசல் உண்டு, நடுவில் நுழைந்து தப்பித்துக்கொள்ள இடமும் உண்டு. பராமரிப்பு இல்லங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை.

விளைவுகளை நாம் பார்த்தோம். 2018 பிப்ரவரியில் உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லத்தின் வேனில் சடலத்தோடு உயிருள்ள ஒரு மூதாட்டியும் ஏற்றிச் செல்லப்பட்டது தெரிந்து ஊர் கொதித்தது. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது; அதிகாரிகள் அங்கிருந்த கிட்டத்தட்ட முந்நூறு பேரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். முதல் சம்பவம் வெளியே தெரிந்தது வேனுக்குள்ளிருந்து அந்த மூதாட்டி எழுப்பிய கூக்குரலால். இரண்டாவது, அங்கே சேர்க்கப்பட்டுக் காணாமல்போன முதியவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டதால். எந்த ஆய்வாளரின் குறிப்பேட்டிலிருந்தும் இவை வெளிவரவில்லை.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இல்லங்களில் சொல்லாமல் போய்ச் சோதனை நடக்கிறது. அறிக்கையை யாரும் படிக்கலாம். 2008 முதல் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஐந்து நட்சத்திரக் கணக்கில் மதிப்பீடும் உண்டு. அதிலும் ஓட்டை இருந்தது: எத்தனை பணியாளர்கள் என்பதை இல்லங்கள் தாங்களே எழுதிக் கொடுத்தன. 2018இல்தான் சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "பதினைஞ்சு ஸ்டாஃப் இருக்காங்க" என்ற பேச்சை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் சம்பளப் பட்டியலைக் கேட்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது மதுரைக்குப் புதிதும் இல்லை. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் வந்து படிக்கும் இடமானதற்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேருக்கு வந்தது என்று விடாமல் எண்ணி வந்ததும் ஒரு காரணம். கண்ணுக்குச் செய்ததைக் குதிகாலுக்கும் செய்யலாம். இந்த மாதம் எத்தனை பேருக்குப் புதிதாகப் படுக்கைப்புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள்: நான்கு எண்களை வாசலில் கரும்பலகையில் எழுதி வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட என்ன தடை? செலவு ஒரு சாக்பீஸ்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, குளிக்க உடுத்த உதவும் பராமரிப்பு ஆகியவற்றுக்காகச் சேர்வதும் ஒன்று. பாலிசியின் பின்பக்கத்தில் அது அச்சிட்டிருக்கும். மாதக் கட்டணம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான். டயப்பர், மருந்து, பிசியோ, ஆம்புலன்ஸ் தனியா சேர்த்தா, டெபாசிட் எப்போது திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை எழுதிக் கொடுத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம் என்று யார் சொன்னாலும், உறவினராகவே இருந்தாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய முதியவருக்கு உரிமை தருகிறது.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு வழியே இல்லையா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீடு தேடி வருகிறார்கள். சமயநல்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியவர்கள் என்பதால் தினமும் வர முடியாது. வரும் நாளில் வீட்டில் பொறுப்பான ஒருவர் இருந்து செய்முறையைக் கற்றுக்கொண்டால் மற்ற நாட்களும் வீணாகாது. இந்த ஏற்பாட்டை விரிவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியார் இல்லங்களின் தரம் உயர, பக்கத்தில் அரசின் நல்ல சேவை ஒன்று இருப்பதைவிடப் பெரிய நெருக்கடி வேறில்லை. நெடுஞ்சாலையும் ரயில் நிலையமும் உள்ள சமயநல்லூரில், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு வாரம் தங்கிப் பயிற்சி பெற முப்பது படுக்கையில் ஒரு அரசு மறுவாழ்வு விடுதி வந்தால் வாடிப்பட்டி, சோழவந்தான் வரை பயன்படும்.

சேர்த்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இல்லம் சொல்லும் பார்வை நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள், ஆயாக்கள் லீவு எடுக்கும் நாள் அது. முடிந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். நேரம் தவறி வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்திலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆயாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார், மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று, இடுப்பு வலியோடு, குறைந்த கூலிக்கு அடுத்த வீட்டு அப்பாவைத் துடைத்துவிடும் பெண்தான் அந்த இல்லத்தின் தரம். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால் எந்தச் சான்றிதழும் உங்கள் அப்பாவைக் காப்பாற்றாது.

தவறு கண்டால் முதலில் படம் எடுத்து, தேதி, நேரம், பணியில் இருந்தவர் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 14567 முதியோர் உதவி எண். அங்கே பதிந்த புகாருக்கு எண் கேட்டு வாங்குங்கள். முதியோர் இல்லமானால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு, சிகிச்சைக் குறைபாடானால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, எந்த வாசல் என்று தெரியவில்லையானால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு பேருக்கும் நகல் வைத்து ஒரே மனுவாகக் கொடுங்கள். மனுவில் படுக்கைகள் எத்தனை, இரவு ஆட்கள் எத்தனை என்ற இரண்டு எண்களை முதல் வரியிலேயே எழுதுங்கள்.